மாசிக் கடலைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் விட்டது

கதிர்,

நீ முதல் ஷிப்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. எனக்கு இன்று இரண்டாம் ஷிப்ட். திங்கட்கிழமை நீ குஜராத்துக்கு ரயில் ஏறப் போகிறாய். அந்த மாற்றலை நீயாகக் கேட்டு வாங்கினாய் என்பது எனக்குத் தெரியும். மத்தூரில் நிச்சயம் செய்து வைத்த பெண் வீட்டுக்கும் நீயே போன் போட்டு, இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம், எனக்காகக் காத்திருக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். ஏன்டா என்று கேட்ட உன் அம்மாவிடம், "ஒருத்தன் காலை வாங்கினவன் நான், எனக்கு என்ன கல்யாணம்" என்றாய். நான் அப்போது பக்கத்து அறையில் யூனிபார்ம் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மிச்சப் பொத்தான்களையும் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கே வெளியே வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு இல்லை. ஐம்பத்தேழு வயதில் இதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. இதைவிட வெட்கப்பட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மதுரைப் பக்கத்துக்காரன் இல்லை. விவசாயக் குடும்பமும் இல்லை. கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவன். என் அப்பா மீன் பிடித்தார், அவருடைய அப்பாவும் மீன் பிடித்தார், நானும் பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை கடலுக்குப் போனேன். போன வருஷம் மாசியில் உன் சிநேகிதன் மஞ்சுநாத்தின் காலில் குத்தியதே திருக்கை, அது அந்த மாதத்தில், அந்த மாதிரி இடத்தில், முழங்கால் தண்ணீரில் மண்ணுக்குள் படுத்திருக்கும் என்பது நீங்கள் இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அதன் முள்ளிலிருந்து தப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். சொல்ல ஒரு வாய்ப் பேச்சு போதும். நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டுமானால் நான் ஓசூருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தேன். சிப்காட்டுக்குப் பக்கத்தில் ஒரே அறையில் நாங்கள் நான்கு பேர். பெட்டியில் என் அம்மா கட்டிக் கொடுத்த கருவாடு இருந்தது. இரண்டாம் நாளே வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். "எந்த ஊருப்பா நீ? மீன்காரனா? இதெல்லாம் இங்க சரிப்படாது, வேற எடம் பாத்துக்கோ" என்றார். கூட இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். பெரிய கொடுமை என்று சொல்ல மாட்டேன், இதைவிட மோசமானதைச் சந்தித்தவர்கள் எத்தனையோ பேர் நிமிர்ந்து நின்றிருக்கிறார்கள். நான் நிமிரவில்லை. கருவாட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். அடுத்து வீடு பார்க்கப் போன இடத்தில் ஊர் கேட்டதும் மதுரைப் பக்கம் என்றேன், தொழில் கேட்டதும் விவசாயம் என்றேன். அவர் உடனே சாவியைக் கொடுத்தார். ஒரு பொய் இவ்வளவு சுலபமாகச் சாவி வாங்கித் தரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு உத்தனப்பள்ளியிலிருந்து உன் அம்மாவின் வரன் வந்தது. தக்காளித் தோட்டமும் கிணறும் உள்ள குடும்பம். ஊரையும் குலத்தையும் சேர்த்தே மாற்றிச் சொன்னேன். அப்பா அம்மா இல்லை என்றேன், அதற்குள் அது உண்மையாகியிருந்தது. அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் பட்டு வேட்டியும் மீசையுமாக என் தோளில் கை போட்டு நிற்கிறாரே, உன் மதுரைப் பெரியப்பா, அவர் உண்மையில் எங்கள் லேத் பிரிவின் சூப்பர்வைசர், ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லி நிறுத்தினேன். நிஜமாகவே மதுரைக்காரர், நல்ல மனிதர். "பொய் சொன்னா போஜனம் கிடைக்காதும்பாங்க, உனக்குக் கல்யாணச் சாப்பாடே கிடைக்குதுடா" என்று கேலி செய்துகொண்டே மேடை ஏறினார். அன்றைக்கு என் அண்ணன் எங்கே இருந்தானோ, கடலில்தான் இருந்திருப்பான். அவனுக்கு நான் கல்யாணப் பத்திரிகைகூட அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் நடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்தால் உன் அம்மா செதில் எடுக்கத் தெரியாமல் கையைக் கிழித்துக்கொள்வாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஓசூர் மார்க்கெட்டில் ஐஸில் நான்கு நாள் கிடந்த வஞ்சிரத்தைப் புதுசு என்று சொல்லி அவள் தலையில் கட்டுவார்கள். செவுளைத் தூக்கிப் பார் என்று சொல்ல வாய் வரும், முழுங்கிக்கொள்வேன். டி.வி.யில் புயல் எச்சரிக்கை வந்தால் சேனலை மாற்றுவேன். எட்டு வயதில் நீ கடல் பார்க்க வேண்டும் என்று அழுதாய், நினைவிருக்கிறதா? உன்னை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பரிசலில் உட்கார்ந்துகொண்டு, இதுவும் தண்ணிதானே என்று உன்னைச் சமாதானம் செய்தேன். என் கால்கள் மட்டும் பரிசலின் ஆட்டத்துக்குத் தாமாகவே பழகிக்கொண்டன. பரிசல்காரர் என்னை ஒரு தரம் உற்றுப் பார்த்தார்.

இப்படியெல்லாம் நான் மூடி வைத்த பிறகும், நீயாகவே தூண்டிலைத் தேடிப் போனாய். முதலில் கெலவரப்பள்ளி அணை. பிறகு ராடு, ரீல், பிளாஸ்டிக் மீன், இணையத்தில் வீடியோ. வீட்டுப் பின்பக்கம் நீ வீசிப் பழகும்போது நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். கை அப்படியே என் அண்ணனின் கை. சந்தோஷமாக இருந்தது கதிர், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓடி வந்து உன் மணிக்கட்டைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் தாழ்த்து என்று சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அப்போதுதான் மஞ்சு உன்னோடு ஒட்டிக்கொண்டான். உங்கள் லைனில் கான்ட்ராக்ட்டில் சேர்ந்தவன், தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் கன்னடம், அப்பா ராகி போடுகிறவர், யானை மிதித்தது போக மிச்சத்தை அறுக்கிறவர். கடலையே பார்த்திராத அந்தப் பையனை உன் ஆசைதான் இழுத்தது. அதுவரைக்கும்தான் உன் பங்கு.

போன வருஷம் சிவராத்திரி லீவுக்கு நீயும் மஞ்சுவும் லைன் பையன் இன்னொருவனுமாக மூன்று பேர் புதுச்சேரிக்கு வடக்கே ஒரு முகத்துவாரத்துக்குப் போவதாக ஏற்பாடு. கிளம்பும் அன்று சாயங்காலம் நம் கூடத்தில் பை கட்டிக்கொண்டிருந்தீர்கள். தக்காளிப் பெட்டி இறக்க வந்த உன் மாமாவும் இருந்தார். நீ போனில் கடல் நிலவரம் காட்டும் அந்த ஆப்பைத் திறந்து என்னிடம் காட்டினாய்.

"பாருங்கப்பா, காத்து ரொம்பக் கம்மி. அலை அரை மீட்டர்கூட இல்ல. எல்லாம் பச்சையாவே காட்டுது. சூப்பர் கண்டிஷன்" என்றாய்.

"தண்ணிக்குள்ள எறங்கி நிப்பீங்களா?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வி என்னை மீறி வந்துவிட்டது.

"முட்டி வரைக்கும்தான்பா. மணல்தான், ஆழம் இல்ல."

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் உன் மாமா சோபாவில் சாய்ந்துகொண்டு, "என்னமோ மீன் புடிக்கிறவன் பெத்த புள்ளயாட்டம் எந்நேரமும் தூண்டிலோடவே திரியறான் பாரு, நம்ம வம்சத்துல எங்கிருந்துடா வந்தே நீ?" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். மஞ்சு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "பாத்துப் போயிட்டு வாங்க" என்றேன். பாத்துப் போ என்பதுதான் உலகத்திலேயே ஒன்றுக்கும் உதவாத அறிவுரை. எதைப் பார்ப்பது என்று சொல்லாமல் சொன்னால் அது வெறும் சத்தம்.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இது. வாடைக்காற்று தை முடிய அடித்துவிட்டு மாசி பிறந்ததும் ஓயும். விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்கு இளங்காற்று போகும், ஒன்பது பத்து மணி வரை தண்ணீர் தட்டில் ஊற்றியது போலக் கிடக்கும். மழைக்காலக் கலங்கல் போய்த் தெளிந்திருக்கும். தெற்கே ஓடிக்கொண்டிருந்த நீரோட்டம் வடக்கே திரும்பும். வெயில் ஏற ஏற முதலில் சூடாவது ஆழமில்லாத தண்ணீர்தான், அதனால் இறாலும் மடவை மீனும் முகத்துவாரத்து மணல் திட்டுகளுக்கு வரும், அவற்றைத் துரத்திக்கொண்டு கொடுவாவும் பாரை மீனும் வரும். அமாவாசையை ஒட்டிய நாட்களில் காலையில் கடல் ஏறும் ஏற்றத்தோடு இவையெல்லாம் கூட்டமாக ஏறும். உன் ஆப் சொன்னதில் தப்பே இல்லை, மீன் பிடிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. ஆனால் அதே சூட்டுக்கு, அதே ஏற்றத்தில், திருக்கையும் வரும். வந்து மணலை மேலே வாரிப் போட்டுக்கொண்டு அசையாமல் படுத்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீரில் நீ மணலைத்தான் பார்ப்பாய். அதனால் மாசி பங்குனியில் இறங்குகிறவன் காலைத் தூக்கி வைக்கவே கூடாது. இரண்டு பாதத்தையும் மணலில் தேய்த்துத் தேய்த்து நகர்த்த வேண்டும். அரவம் கேட்டால் அதுவே எழுந்து போய்விடும், பாவம், அதற்கு நம்மோடு ஒரு பகையும் இல்லை. மேலே மிதித்தால்தான் வாலைச் சுழற்றிக் குத்தும். எங்கள் குப்பத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். உனக்கு நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தேன், வெர்னியரில் அளவு பார்க்கக் கற்றுக் கொடுத்தேன், இதைக் கற்றுக் கொடுக்கவில்லை.

இனி அந்தப் போன். இதை எழுதத்தான் காலையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன். மறுநாள் காலை ஏழரை மணி இருக்கும். நாங்கள் உத்தனப்பள்ளியில் உன் மாமா வீட்டில் இருந்தோம், சிவராத்திரி பூஜைக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, மஞ்சு கால்ல என்னமோ குத்திடுச்சு, ரத்தம் நிக்கல, கத்தறான்மா" என்று நீ அழுதாய். பின்னால் அவன் கத்துவது கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழகிய சத்தம். என் அண்ணனைத் திருக்கை குத்தியபோது அவன் அப்படித்தான் கத்தினான், என் அம்மா உலைத் தண்ணீரை அண்டாவில் ஊற்றி, பதம் பார்த்து, அவன் காலை அதற்குள் பிடித்து வைத்தாள். அரை மணி நேரத்தில் அவன் கத்துவதை நிறுத்தினான். இதெல்லாம் ஒரே கணத்தில் நினைவுக்கு வந்தது. நீ சொன்னாய், "மீன் பெட்டியில ஐஸ் இருக்குப்பா, அதுல காலை வெச்சிருக்கோம்."

ஐஸ் கூடாது கதிர். சுடுதண்ணீர் வேண்டும். நல்ல கால் தாங்குகிற அளவு சூடு, அந்தச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அந்த விஷம் சூட்டில்தான் அடங்கும். உள்ளே முள் ஒடிந்திருந்தால் பிடுங்கக் கூடாது, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்கு இவ்வளவும் நாக்கு நுனியில் நின்றது. சுற்றிப் பார்த்தேன். உன் மாமா, அத்தை, சித்திகள், பெரிய மாமனார், அத்தனை பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வாய் திறந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவராவது கேட்பார்கள் என்று பயந்தேன். யூடியூபில் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் பொய் சொன்னவனுக்கு அந்த ஒரு பொய் அன்றைக்கு வரவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கடா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீங்கள் மருத்துவமனை தேடிப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது, அது வரைக்கும் ஐஸிலேயே வைத்திருந்தீர்கள் என்று பிறகு நீ சொன்னபோது நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுடுதண்ணீர் வைத்திருந்தால் அவன் கால் முழுசாகத் தப்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. முள் ஒடிந்து உள்ளே இருந்தது, சீழ் வைத்தது, சதை அழுகியது என்றார்கள். வலியாவது அடங்கியிருக்கும். ஆனால் தேய்த்து நடந்திருந்தால் குத்தே விழுந்திருக்காது, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் வீங்கிக் கோணிப் போனது. சேஃப்டி ஷூவுக்குள் அந்தக் கால் நுழையவில்லை. சேஃப்டி ஷூ போட முடியாதவனுக்கு கேட்டுக்குள் இடமில்லை, கான்ட்ராக்ட்காரனுக்கு மாற்று வேலை தேடித் தர யாரும் மெனக்கெடுவதும் இல்லை. நீ எச்.ஆர். அறைக்கு நான்கு தரம் அலைந்தாய். பெரிய அளவு ஷூ கேட்டுப் பார்த்தாய், அது நடக்கும்போது கழன்றது. ராடுகளையெல்லாம் விற்றாய். ஒவ்வொரு ஞாயிறும் அவனைப் பார்க்கப் போனாய், வந்ததும் சாப்பிடாமல் படுத்தாய். ஒரு நாள் என்னிடம் வந்து, "நான் கூப்பிடாம இருந்திருந்தா அவன் இன்னிக்கு லைன்ல நின்னுட்டிருப்பான் இல்லப்பா?" என்று கேட்டாய். சின்னப் பிள்ளை போலக் கேட்டாய். நான் உன் முதுகைத் தடவி, "விதி கண்ணு, யார் என்ன பண்ண முடியும்" என்றேன். நான் செய்ததற்கு விதியின் மேல் பழியைப் போட்டு, உன்னையும் அதை நம்பச் சொன்னேன். நல்லவேளை, நீ நம்பவில்லை. ஆனால் பழியை உன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டாய்.

போன வெள்ளிக்கிழமை உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டுவிட்டு, "செதில் எடுக்கத் தெரியாதுன்னு முப்பது வருசமா என்னையத்தானே உரச வெச்சீங்க" என்றாள். சிரிக்கிறாளோ என்று பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள். பிறகு, "உங்க ஊரு எதுன்னு நான் என்னைக்காவது பெருசா கேட்டேனா? அந்தப் புள்ள கத்தறப்போ பக்கத்துல உக்காந்துட்டு இருந்தீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றாள். அன்றிலிருந்து தட்டில் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. அவள் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நானே போய்ச் சொல்வேன், சபையில் வைத்துச் சொல்வேன், அவர் என்ன பேசினாலும் கேட்டுக்கொள்வேன்.

ஞாயிறு காலை, நீ பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம், தேன்கனிக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். மஞ்சு இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை பார்க்கிறான் என்று உனக்குத் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்து, காலை ஒரு அட்டைப்பெட்டி மேல் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"வாங்க அங்கிள். கதிர் வர்லியா?"

"இல்லப்பா. நான்தான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

சொன்னேன். எங்கே பிறந்தேன் என்பதிலிருந்து அந்தப் போன் வரை எதையும் விடவில்லை. அவன் ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தான், அதையே பார்த்துக்கொண்டு கேட்டான். பஸ்கள் வந்து வந்து போயின. நான் முடித்ததும், "காலைத் தேச்சிட்டு நடந்திருந்தா போதுமா அங்கிள்?" என்றான்.

"போதும்."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்பா."

அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். கோபத்தில் எதையாவது தூக்கி எறிவான் என்று எதிர்பார்த்தேன், எறிந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தான், எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, நல்ல வார்த்தையாக இருக்காது. பிறகு, "ஐஸ் வெச்சப்போ உசுரே போச்சு அங்கிள். கதிரு அழுதுட்டே காலை அழுத்திப் புடிச்சிருந்தான்" என்றான். ஒரு வாடிக்கையாளர் வந்து சார்ஜர் கேட்டார். எடுத்துக் கொடுத்தான். அவர் போனதும் என் பக்கம் திரும்பினான்.

"கதிருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இனிமேதான்."

"சொல்லாதீங்க."

"ஏம்பா?"

"லைன்ல எவனாவது பொய்யா ரிப்போர்ட் எழுதினா, எங்கப்பா முப்பது வருசமா லேத்துல நிக்கறாரு, ஒரு அளவு மாத்தி எழுதினதில்லன்னு சொல்லித்தான் திட்டுவான். எப்பப் பார்த்தாலும் உங்க பேச்சுதான் அவனுக்கு. எனக்குக் கால் போனது போயிடுச்சு. அவனுக்கு நீங்களாவது இருங்க அங்கிள்."

கதிர், அந்தப் பையன் அப்படித்தான் சொன்னான். என்னைத் திட்ட எல்லா உரிமையும் உள்ளவன், உனக்காக என்னைக் காப்பாற்றப் பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சரிப்பா என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். வரும் வழியெல்லாம் மாந்தோப்புகளில் பூ வாசம், எனக்கு மனசு லேசாக இருந்தது. பாதிக்கப்பட்டவனே வேண்டாம் என்கிறான், அப்புறம் நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன். நேற்று நீ புதுப் பெட்டியில் துணி அடுக்கும்போது அந்த நிச்சயதார்த்தச் சட்டையை வெளியே எடுத்து வைத்தாய், "இது எனக்கு வேணாம்மா, யாருக்காவது குடுத்துடு" என்றாய். அப்போதுதான் உறைத்தது. மஞ்சு கொடுத்த அனுமதி அவனுடைய காலுக்குத்தான் செல்லும், உன் வாழ்க்கைக்குச் செல்லாது. இந்த முறையும் நான் பேசாமல் இருந்தால், மறுபடியும் ஒருவனைத் தண்ணீருக்குள் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனாவேன்.

அதனால் அவன் பேச்சை மீறுகிறேன். இன்று சாயங்காலம் இதைப் படித்ததும் நீ முதலில் அவனிடம் போ, அப்பா சொல்லிவிட்டார் என்று சொல். பிறகு மத்தூருக்குப் போன் செய். அந்தப் பெண் உன்னைத் திட்டினால் வாங்கிக்கொள், காரணம் கேட்டால் என்னைக் காட்டு. தூண்டிலை மறுபடி எடுப்பாயா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. எடுத்தால் உனக்கு வேண்டியதையெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். இன்னும் தெரிய வேண்டுமென்றால் என் அண்ணன் அந்தக் குப்பத்தில்தான் இருக்கிறான், என்னைவிட நன்றாகச் சொல்வான். அவன் பெயரையும் ஊரையும் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவனுக்கு நான் ஒரு மன்னிப்புக் கடிதம் தனியாக எழுத வேண்டும்.

என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. குஜராத்துக்குப் போவதென்றால் போ, அது நல்ல வேலை. திங்கட்கிழமை நீ பெட்டியோடு படி இறங்கும்போது நான் வாசலில் நிற்பேன். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் போகலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டும் போகலாம். மஞ்சுவின் காலை மட்டும் உன்னோடு எடுத்துக்கொண்டு போகாதே. அது என்னுடையது, என்னிடம் விட்டுவிட்டுப் போ.

உன் அப்பா